நாலாம் நம்பர் குழி

கோபுர நிழல் விழுகிற மண்ணில் ஆவிக்கு இடமில்லை. காஞ்சி மாநகரம் தோன்றிய நாள்முதல் இந்த எல்லைக்குள் ஒரு பேயும் கால் வைத்ததில்லை, இனியும் வைக்காது.

இதைச் சொன்னவர் கைலாசம், தெரு நலச் சங்கத்தின் தலைவர். சொன்ன இடம் சங்கத்தின் அவசரக் கூட்டம். வந்திருந்த ஐந்து பேரில் நான்கு பேர் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் மைக்செட்காரர். உண்மையில் அந்தத் தெருவில் கோபுர நிழல் விழுவது மாலை நாலரை மணி வரைக்கும்தான். பார் திறப்பது ஐந்து மணிக்கு.

பாரின் பெயர் ‘லூம் பிட்’, அதாவது தறிக்குழி. அதற்குக் கீழே பலகையில் ‘கேஸ்ட்ரோபப் அண்ட் லைவ் மியூசிக்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு, வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கிற இடமென்று முதல் வாரத்தில் இரண்டு பேர் உள்ளே போய் டோக்கன் கேட்டதாகத் தெருவில் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது கைலாசத்தின் தறிக்கூடம். தரையில் ஆறு குழி, குழிக்கு ஒரு தறி, தறிக்கு ஒரு நெசவாளி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அடியில் இருக்கும் மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வார்கள். இடத்துக்கு நல்ல விலை வந்தது, விற்றார். ஐந்து நெசவாளிகள் அடுத்த தெருக் கூடத்தில் போய் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறார்கள். யாரும் அழவில்லை. அங்கே ஃபேன் உண்டு.

இடத்தை வாங்கிய மணிவண்ணன் தறிகளைத் தூக்கிவிட்டுக் குழிகளை மட்டும் வைத்துக்கொண்டான். உள்ளே கிரானைட் பதித்து, ஓரத்தில் நீல விளக்கு ஓடவிட்டு, மேலே மேசை போட்டான். வருகிறவர்கள் ஷூ போட்ட காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து, சீஸ் தடவிய கோயில் இட்லியை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டார்கள்.

ஆறாவது நெசவாளி வீராசாமி. அவர் அடுத்த தெருவுக்குப் போகவில்லை.

“தறிதான் என் உயிர், அதை எடுத்தால் நான் எழமாட்டேன் என்று குழியிலேயே அமர்ந்து உயிர் துறந்த நெசவுத் தியாகி!” என்று கைலாசம் அவரைப் பற்றி மேடைக்கு மேடை சொல்வார். பாரை மூடச் சொல்லிக் கொடுத்த மனுவிலும் அதைத்தான் எழுதியிருந்தார்: தியாகி மறைந்த இடத்தில் மதுக்கூடம் நடத்துவது தகாது. திங்கட்கிழமை விசாரணை. பாரை மூடிவிட்டால் அங்கே தியாகிக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பலாம். மண்டபம் என்றால் கல்வெட்டு இருக்கும். கல்வெட்டில் தலைவர் பெயர் முதலில் வரும்.

விசாரணைக்கு ஆதாரம் வேண்டும் என்றுதான் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர் அந்தப் பாருக்குக் கிளம்பினார். இன்னொரு காரணமும் இருந்தது. நாலாம் நம்பர் மேசையில் உட்காருகிறவர்களின் ஷூ தானாகக் கழன்றுவிடுகிறது என்று ஊரெல்லாம் சிரித்துப் பேசியது. மணிவண்ணன் விளம்பரத்துக்காக ஏதோ பொறி வைத்திருக்கிறான் என்று கைலாசத்துக்குச் சந்தேகம். வீராசாமியின் குழி நாலாம் நம்பர் என்பது அவனுக்கு யார் சொன்னது? அதைச் சொன்னவர்கள் வேறு என்னவெல்லாம் சொன்னார்கள்? இந்த இரண்டு கேள்வியும் அவரை மூன்று இரவு தூங்கவிடவில்லை.

அடையாளம் தெரியாமல் இருக்க நெற்றியை அழித்துவிட்டு ஒரு தொப்பி வைத்துக்கொண்டார். முப்பது வருஷத் திருநீறு இருந்த இடம் மட்டும் மூன்று கோடாக வெளுத்துத் தெரிந்தது. ஷூ மகனுடையது. சாக்ஸ் அவருடையது, மகன் கல்யாண வரவேற்புக்கு வாங்கிய ஒரே ஜோடி. இரண்டிலும் பெருவிரலுக்கு நேரே ஓட்டை. ஷூவுக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார்.

மணிவண்ணனே வாசலில் நின்றிருந்தான்.

“வாங்க சார், வெல்கம். எந்த ஊரு?”

“மெட்ராஸ்,” என்றார் கைலாசம், குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு.

“ஓ, சென்னையா! வாங்க வாங்க. சனிக்கிழமை பாருங்க, எல்லாம் ஃபுல்லா இருக்குது. ஒரே ஒரு பிட்டுதான் காலி.” சிரித்தான். “நாலாம் நம்பரு.”

அந்தச் சிரிப்பு கைலாசத்துக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துதான் உட்காரவைக்கிறானோ?

குழியின் விளிம்பில் நின்றபோது அவர் தன்னையறியாமல் ஷூவைக் கழற்றக் குனிந்தார். செருப்புக் காலோடு யாரும் தறிக்குழியில் இறங்கமாட்டார்கள். வாசலில் வரிசையாக, வெளியே பார்த்தபடி விட்டுவிட்டுத்தான் வருவார்கள். கழற்றினால் உள்ளூர்க்காரன் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்தார். ஷூவோடு இறங்கினார்.

முதல் வேலையாக செல்போன் வெளிச்சத்தை மேசைக்கு அடியில் அடித்துப் பார்த்தார். ஒயர் இல்லை. மோட்டார் இல்லை. வழவழப்பான கிரானைட், நீல விளக்கு, யாரோ போட்ட ஒரு டிஷ்யூ காகிதம். அவ்வளவுதான்.

மோர் கேட்டார். இல்லையாம். வெட்டிவேர் போட்ட ஏதோ ஒரு பச்சைப் பானம் கொண்டுவந்தார்கள். அதில் சாராயம் இல்லை என்றார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை; உறுதிசெய்துகொள்ள இரண்டாவதையும் வாங்கிக் குடித்தார். மூன்றாவது வெளிப்படையாகவே பீர். அது ஆதாரம்.

மேடையில் நான்கு பேர் இருந்தார்கள். சுகாசினி என்ற பெண் பாடினாள். ஜெபகுமார் என்ற பையன் டிரம்ஸ். ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்துவிட்டு, பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். இரண்டாவது பாட்டு நடுவில் ஜெபகுமார் குச்சியை நிறுத்தினான்.

“மணிண்ணா, நாலாம் டேபிள்ல யாரோ தட்டிக்கினே இருக்காங்கண்ணா. என் பீட்டு கலையுது.”

“கஸ்டமர்பா. ஃபீல் பண்றாரு, உடு.”

“ஃபீல் பண்ணட்டும்ணா, தாளத்துல பண்ணச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். கைலாசம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் மேசைமேல் இருந்தன.

அவர் தட்டவில்லை.

பாட்டு மறுபடி தொடங்கியது. இப்போது அவருக்கும் கேட்டது. கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் அடியில், தரைக்கும் அடியில், ஒரு கட்டை முனகுகிற சத்தம். அப்புறம் சர்ரென்று தறி நாடா போல ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம். அப்புறம் ‘டக்’. மிதி, நாடா, அடி. மிதி, நாடா, அடி. அறுபது வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி எழுந்தவர் அவர். அது எந்தத் தறி என்றுகூட அவரால் சொல்ல முடியும்.

ஸ்பீக்கர் வைத்திருக்கிறான் திருட்டுப்பயல், என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு அது வசதியாக இருந்தது.

பிறகு வாசனை வந்தது. பொரித்த மீன் வாசனையையும் பீர் வாசனையையும் விலக்கிக்கொண்டு, நனைந்த பட்டின் வாடை. அதன் பின்னாலேயே வீராசாமி மெல்லுகிற பன்னீர்ப் புகையிலை.

வாசனைக்கு ஸ்பீக்கர் கிடையாது.

பக்கத்துக் குழியில், மூன்றாம் நம்பரில், குரங்குக் குல்லாய் போட்டிருந்த ஒரு ஆள் இருமினான். எங்கேயோ கேட்ட இருமல். கைலாசம் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார். எழுந்து போய்விடலாம். ஆதாரம் போதும்.

அப்போதுதான் வலது ஷூவின் கயிறு அசைந்தது.

இழுக்கவில்லை. அவிழ்த்தது. அவர் போட்டிருந்த இரட்டை முடிச்சை, அவசரமில்லாமல், சிக்கல் விழுந்த பட்டு நூலைப் பிரிப்பது போல, ஒவ்வொரு சுற்றாக.

காலை உதறப் பார்த்தார். கால் வரவில்லை.

ஷூ கழன்றது. குளிர்ந்த விரல்கள் பாதத்தைப் பிடித்தன. பிடித்துத் தடவிக்கொண்டே போனவை, பெருவிரலுக்கு நேரே வந்ததும் நின்றன. ஓட்டையின் விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பார்த்தன. நெய்த புடவையில் இழை விட்டுப்போன இடத்தை நெசவாளி தடவிப் பார்ப்பானே, அந்த மாதிரி.

அவ்வளவு பயத்திலும் கைலாசத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த ஷூவும் போனது. இப்போது அவருடைய இரண்டு பாதங்களுக்கும் கீழே கிரானைட் இல்லை.

மரம் இருந்தது.

வலது கால் தானாக அழுந்தியது. பிறகு இடது. பிறகு வலது. அவருடைய முழங்கால்கள் மேசைக்கடியில் ஏறி இறங்கின. பீர் கிளாஸ் அதிர்ந்து நுரை வழிந்தது. மேடையில் ஜெபகுமார் அவரை முறைத்தான்.

இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பணிவான, தேய்ந்த குரல்.

“நேரம் ஆச்சா மொதலாளி?”

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் முதலாளி வாசற்படியில் நின்று ஒவ்வொரு நெசவாளியையும் பெயர் சொல்லி, ‘ஏறுப்பா’ என்று கூப்பிட வேண்டும். அதுவரை யாரும் குழியைவிட்டு எழக்கூடாது. கைலாசத்தின் அப்பா ஏற்படுத்திய பாரம்பரியம் அது. நெய்த முழத்தை அளந்து காட்டாமல் யாரும் நழுவிவிடக்கூடாது என்பதற்காக. கூப்பிட்டதும் ஏறுவார்கள், முதலாளி வீட்டுக் குழாயில் கால் கழுவுவார்கள், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

கடைசி நாளில் மற்ற ஐந்து பேரும், விற்ற இடத்தில் என்ன வழக்கம் என்று மத்தியானமே எழுந்து போய்விட்டார்கள். வீராசாமி மட்டும் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். கைலாசம் அன்று மாலை ஒரு பாராட்டு விழாவில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். விழா முடிந்து சாப்பாடு. சாப்பாடு முடிந்து போட்டோ. ஞாபகம் வந்தபோது மணி பத்தரை. இந்நேரம் போயிருப்பான் என்று படுத்துவிட்டார். காலையில் தறிகளை எடுக்க வந்த ஆட்கள்தான் பார்த்தார்கள். நெய்துகொண்டிருந்த புடவைமேல் தலையைச் சாய்த்திருந்தார். எழுபத்தோரு வயசு, சர்க்கரை, பகலிலிருந்து சாப்பிடவில்லை. தியாகி என்ற சொல் கைலாசத்துக்கு அன்று மதியம்தான் தோன்றியது.

“நேரம் ஆச்சா மொதலாளி?”

“ஏறுப்பா,” என்று கிசுகிசுத்தார் கைலாசம்.

கால்கள் நிற்கவில்லை. வேகம் கூடியது. வலது, இடது, வலது, இடது. தொடை எரிந்தது.

கிசுகிசுத்தால் போதாது என்று அவருக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டும். ஆறு குழிக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குரலோ ஊருக்கே தெரிந்த குரல். பத்து வருஷமாக மைக்கில் முழங்கிய குரல். திறந்தால் தொலைந்தார். விசாரணை போச்சு, மண்டபம் போச்சு, கல்வெட்டு போச்சு.

பல்லைக் கடித்தார்.

நீல விளக்கு அணைந்தது.

அவருடைய கணுக்கால்களை இரண்டு கைகள் பற்றின. கீழே, குழியின் ஆழத்துக்கு இழுத்தன. நெஞ்சு மேசையில் இடித்தது. அடுத்து முகவாய் இடித்தது.

“வீராசாமி! ஏறுப்பா!”

அந்த நொடியில்தான் சுகாசினியின் பாட்டு முடிந்திருந்தது. பாரில் ஒரு சத்தம் இல்லை. மைக் இல்லாமலே அவருடைய குரல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

பிடி விட்டது.

மூன்றாம் நம்பர் குழியில் குரங்குக் குல்லாய் ஆள் பதறி எழுந்ததில் குல்லாய் கழன்றது. சங்கத்தின் செயலாளர் பரமசிவம். வாயில் பாதி மீன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தலைவரே,” என்றார் பரமசிவம் மெதுவாக, “ஆய்வுக்கா?”

“ஆய்வுக்குத்தான்.”

“நானும் அதுக்குத்தான். மூணு வாரமா ஆய்வு பண்ணிக்கினு இருக்கேன்.” மீனை விழுங்கினார். “யாரைக் கூப்பிட்டீங்க?”

கைலாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் குழியின் விளிம்பிலிருந்து ஈரமான வெறுங்கால் தடங்கள் வரிசையாக வாசலை நோக்கிப் போயின. அகலமான, வலது பக்கம் சற்றே சாய்ந்த பாதம்.

வாசலுக்கு வெளியே அவருடைய ஷூ இரண்டும் ஜோடியாக, தெருவைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன.

வீடு நான்கு கட்டடம் தள்ளி. ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்தது. நின்றார், நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பரமசிவம்தான் வேவு பார்க்க வருகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பரமசிவம் ஷூ போட்டிருந்தது நினைவுக்கு வந்ததும் ஓடினார்.

மனைவி காமாட்சியம்மாள் கதவைத் திறந்தாள். அவருடைய தொப்பிக்கு ஒரு பார்வை, வாயின் வாசனைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் காபி.

“ரெண்டு எதுக்கு?”

“உங்க கூட வந்தாரே, அவுருக்கு.”

“யாரு வந்தா?”

“எனக்கென்ன தெரியும்? உங்க பின்னாலயே உள்ள வந்தாரு, நேரா குழாயாண்ட போனாரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எந்நேரம்தான் கால் கழுவுவாரு? தண்ணி போய்க்கினே இருக்குது பாருங்க.”

பின்பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கைலாசம் போய்ப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் கால்களை மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டாவது டம்ளர் காலியாக இருந்தது. அவளும் குடிக்கவில்லை என்றாள். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான், அதோடு தீர்ந்தது, என்று ஞாயிற்றுக்கிழமை பூராவும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை நெற்றி நிறையத் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டு, மகனுடைய ஷூவை மாட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனார். அதிகாரியின் அறையில் நீண்ட மேசை; தரைவரை தொங்குகிற பச்சைத் துணி. ஒரு பக்கம் கைலாசமும் பரமசிவமும், எதிர்ப்பக்கம் மணிவண்ணன்.

“ஐயா, புனிதமான எங்கள் நகரில், நெசவுக்காகவே தன் உயிரை…” என்று தொடங்கினார் கைலாசம்.

டக்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கைலாசம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“தறியைவிட்டு எழமாட்டேன் என்று தானாகவே முடிவெடுத்து…”

டக். டக்.

“மிஸ்டர் கைலாசம், தட்டாம பேசுங்க.”

“நான் தட்டலைங்க ஐயா.”

பச்சைத் துணி அசைந்தது. பன்னீர்ப் புகையிலை வாசனை மேசையைத் தாண்டி வந்தது. மணிவண்ணன்கூட மூக்கைத் தேய்த்தான். பரமசிவம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“அந்தாளு ஏன் ராத்திரி பூரா உள்ளேயே இருந்தாரு?” என்றார் அதிகாரி. “யாரும் போகச் சொல்லலையா?”

“நான் எவ்வளவோ கெஞ்சினேன் ஐயா. கேட்கல…”

டக், டக், டக், டக். தண்ணீர் கிளாஸ் மேசையில் நகர்ந்தது. கைலாசத்தின் முழங்கால்கள் ஏறி இறங்கின. கணுக்காலைச் சுற்றி அந்தக் குளிர் வந்துவிட்டது. இன்னும் இழுக்கவில்லை. காத்திருந்தது.

“கூப்பிட மறந்துட்டேன்,” என்றார்.

சத்தம் நின்றது.

“என்ன?”

“நான் கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பான். அன்னிக்கி விழாவுக்குப் போயிட்டேன். மறந்துட்டேன்.”

பத்தரை மணிக்கு ஞாபகம் வந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. அதிகாரி எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். கடைசியில் அதிகாரி கதவைக் காட்டினார். “சரி. எழுந்திருங்க.”

கைலாசம் எழுந்தார். பரமசிவம் குனிந்து தரையைப் பார்த்தார், மணிவண்ணனும் பார்த்தான், கதவோரம் நின்ற டவாலிச் சேவகரும் பார்த்தார். கைலாசத்தின் காலில் ஷூ இல்லை. அது அறைக்கு வெளியே, வாசற்படி ஓரமாக, ஜோடியாக வெளியே பார்த்து இருந்தது. காலையில் மாட்டும்போது இரண்டு சாக்ஸிலும் ஓட்டை இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது வலது பெருவிரலின்மேல், முடிச்சே தெரியாமல், அரக்கு நிறப் பட்டும் ஒரு சரிகை இழையும் சேர்த்து நெய்து அடைக்கப்பட்டிருந்தது.

இடது கால் ஓட்டை அப்படியே இருந்தது.